மூன்று கோடு இடப்பக்கம்

பதுளை
5.7.1998

அன்புள்ள ஜெயகுமாருக்கு,

போன ஞாயிறு உம்முடைய தோட்டத்துக்கு வந்து, தேயிலைக் கொழுந்து நிறுக்கிற தராசில் இரண்டு பேரும் தொங்கியதை நினைத்து இன்னும் சிரிக்கிறேன். கொக்கியைப் பிடித்து, முழங்காலை மடக்கிக்கொண்டு நீர் தொங்கியபோது மேலே இருந்த மரச்சட்டம் முனகியதே, அதை இங்கே பொடியன்கள் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. நான் எழுபத்துநான்கு கிலோ. நீர் எண்பத்துமூன்று.

சங்கதிக்கு வருகிறேன். எழுபத்தைந்து கிலோவுக்கு உட்பட்டவர்களுக்கான றகர் பந்துப் போட்டி ஓகஸ்ட் 30ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, எங்கள் மைதானத்தில். முதல் ஆட்டமே வெலிமடைக்காரரோடு. போன வருடம் ஒரே ஒரு கிலோ கூடிப்போய் நீர் வெளியே நின்றீர். எட்டுப் பேர் தோளோடு தோள் பூட்டித் தள்ளுகிற ஸ்க்ரத்தில் உம்முடைய இடத்தில் பசறை ஸமீமை விட்டோம். அந்த வெலிமடைக் கரட் தோட்டக்காரர்கள் அவனைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போனார்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் இருந்து நீர் அழுததை நான் கண்டேன். அப்போது சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

எனக்கு முப்பத்தாறு வயது. கப்டனாக இது கடைசி வருடம். உம்மைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருமுறையாவது வெலிமடையைத் தள்ள வேண்டும். எட்டுக் கிழமை, ஐம்பத்தாறு நாள், எட்டுக் கிலோ, அவ்வளவுதான். இராச் சோற்றை விடும். காலையில் தேயிலை ஸ்டோரிலிருந்து கோயில் வரை ஏறி இறங்கி ஓடும். ஒவ்வொரு கிழமையும் அதே தராசில் நிறுத்து எனக்கு எழுத வேண்டும். அரசாங்கக் கச்சேரிக் கந்தோரில் நிறுவை அளவைப் பகுதியில் பத்து வருடம் குந்தியிருக்கிறவன் நான், என்னிடம் குத்துமதிப்பு எடுபடாது.

அன்புடன்,
தனேஸ்வரன்


மடுல்சீமை
16.7.1998

தனேஸ்வரன் அண்ணனுக்கு,

எண்பத்தொன்று. நேற்றுச் சாயந்தரம் கொழுந்து நிறுத்து முடிந்து எல்லோரும் போன பிறகு தொங்கிப் பார்த்தேன்.

நீங்கள் சொன்னபடி இரவில் சோறு இல்லை. ஒரு ரொட்டி, கொஞ்சம் சம்பல். அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. நான் தட்டைத் தள்ளி வைத்தால், அவளும் தள்ளி வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஓடுகிறேன், ஆனால் ஏற்றத்தில் கால் நடுங்குகிறது. ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். அணியில் பதினைந்து பேர். எல்லோரும் இப்படித்தான் பட்டினி கிடக்கிறார்களா, நான் மட்டும்தானா?

இங்கே வேலை இறுக்கம். வெயிலுக்குக் கொழுந்து இல்லை, அதனால் நாளுக்கு ஒரு தடவைதான் நிறுப்பு. பதினாறு கிலோ இருந்தால்தான் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர், அரை நாள் வேலை செய்ததாகத்தான் பதிவு. லயத்து வரிசை வீடுகளிலிருந்து இந்த நிறுப்பு வேலைக்கு வந்த முதல் ஆள் நான் என்பதால் எல்லாருடைய கண்ணும் என் மேல்தான். செவ்வாய்க்கிழமை அம்மாவின் சாக்கு பதினைந்தில் நின்றது. அரைப்பேர் போட்டேன். பின்னால் நின்ற பெண்கள் வழக்கமான பாட்டைத் தொடங்கினார்கள், தராசு திங்குது என்று. தராசு என்ன மாடா, தின்பதற்கு என்று கேட்டேன், எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. தாய் என்று நான் இரக்கம் பார்த்தால் நாளைக்கு ஒருத்தரும் என்னை மதிக்க மாட்டார்கள், அண்ணன். அது அவளுக்கும் தெரியும்.

அந்த மைதானத்தில் நான் ஆட வேண்டும். அதற்காக எதையும் செய்வேன்.

இப்படிக்கு,
ஜெயகுமார்


பதுளை
27.7.1998

ஜெயகுமார்,

எண்பத்தொன்று என்று எழுதிவிட்டுப் பிறகு சத்தமே இல்லை. இந்தக் கிழமைக் கணக்கு எங்கே? மெல்ல மெல்ல இறங்க இது பசறை பஸ் இல்லை ஐசே. ஸமீம் இப்போதே எழுபத்துநான்கில் நிற்கிறான். நேற்று என்னிடம் வந்து, ஜெயகுமார் வராவிட்டால் நான் ரெடி என்று பல்லைக் காட்டினான். அவனைப் போட எனக்கு விருப்பமில்லை. ஆனால் போட வைத்துவிடாதேயும்.

ஒரு வழி சொல்கிறேன். உங்கள் ஸ்டோரில் தேயிலை காய்கிற அறை இருக்கிறதல்லவா, அங்கே அரை மணித்தியாலம் போய் இரும். உர மூட்டைக்குள் வருகிற பிளாஸ்டிக் உறையில் கைக்கும் தலைக்கும் ஓட்டை போட்டு, சட்டைக்குள் மாட்டிக்கொள்ளும். பச்சைக் கொழுந்து அங்கே எப்படிச் சுருங்குகிறது, நீர் சுருங்க மாட்டீரா?

மற்றவர்களைப் பற்றிக் கேட்டீர். மற்றவர்கள் எண்பத்துமூன்று இல்லை. நானும் வாயைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

தனேஸ்வரன்


மடுல்சீமை
11.8.1998

அண்ணனுக்கு,

எழுபத்தைந்து! முள் சரியாகக் கோட்டின் மேல். இரண்டு தடவை இறங்கித் திரும்பத் தொங்கிப் பார்த்தேன்.

எப்படி வந்தது என்றும் எழுதுகிறேன், உங்களிடம் மறைக்கவில்லை. பத்து நாள் காய்கிற அறையில் உட்கார்ந்தேன். தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு கோப்பைதான். சனிக்கிழமை பின்னேரம் உள்ளே இருந்து எண்ணிக்கொண்டிருந்தேன். இருநூறு வரை நினைவு இருக்கிறது. பிறகு வெளியே சிமெந்துத் தரையில் கிடக்கிறேன், காவல்காரர் என் பிளாஸ்டிக் உறையைக் கத்தியால் கிழிக்கிறார், அம்மா மலையிலிருந்து கூடையோடு ஓடிவந்து நிற்கிறாள். அவள் அழவில்லை, கத்தவில்லை. காவல்காரரிடம், "இவன யாரு இப்புடிச் செய்யச் சொன்னா?" என்று மட்டும் கேட்டாள். நான் உங்கள் பெயரைச் சொல்லவில்லை.

சிறுநீர் தேயிலைச் சாயத் தண்ணீர் நிறத்தில் போகிறது. தோட்டத்து மருந்துக்காரர் ஐயா இனி ஒரு நாள்கூட அந்த அறைக்குள் போகக் கூடாது என்றார். போக மாட்டேன், இனித் தேவையும் இல்லை. பயமாகத்தான் இருந்தது அண்ணன், பொய் சொல்லவில்லை. ஆனால் இப்போது சந்தோஷமாக இருக்கிறது. சனிக்கிழமை பயிற்சிக்கு வருகிறேன். ஸமீமிடம் சொல்லுங்கள், பல்லை மூடிக்கொள்ளட்டும்.

ஜெயகுமார்


பதுளை
16.8.1998

ஜெயகுமாருக்கு,

நேற்று நடந்ததை நீர் மறந்தாலும் நான் மறக்க மாட்டேன். பன்னிரண்டு பேருக்கு முன்னால், இவன்தான் என் வலது தோள், எட்டுக் கிலோ இறக்கிவிட்டு வந்திருக்கிறான் என்று உம்மைக் கூட்டிக்கொண்டு போய்க் கிழங்குக் கடை மேடைத் தராசில் ஏற்றுகிறேன். எழுபத்தெட்டு! கடைக்காரர்கூடச் சிரித்தார். அந்தத் தராசுக்கு எங்கள் கந்தோர்தான் முத்திரை போட்டது. அது பொய் சொல்லாது. அப்படியென்றால் சொன்னது யார்?

மூன்று கிலோ என்பது கண் மங்கல் இல்லை. நீர் வீட்டில் இருந்து வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு எனக்கு எண் எழுதி அனுப்பியிருக்கிறீர். காய்கிற அறை, மயக்கம், மருந்துக்காரர் எல்லாம் நல்ல கதை. நான் நம்பி ஊரெல்லாம் சொன்னேன்.

ஸமீமுக்குச் சொல்லிவிட்டேன். நீர் இனி எழுத வேண்டாம்.

ம. தனேஸ்வரன்


மடுல்சீமை
20.8.1998

தனேஸ்வரன் அண்ணனுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இதை எழுதாவிட்டால் எனக்கு மூச்சு முட்டும். படித்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள்.

பொய்யன் என்று என்னை இதுவரை யாரும் சொன்னதில்லை. பஸ்ஸில் மடுல்சீமை வரைக்கும் யார் முகத்தையும் பார்க்காமல் வந்தேன். மறுநாள் விடிந்ததும் தராசுக் கொட்டகைக்குப் போனேன். வாய் தைத்த புது உர மூட்டை ஒன்றைக் கொக்கியில் மாட்டினேன். மூட்டையில் ஐம்பது கிலோ என்று அச்சடித்திருக்கிறது. முள் நாற்பத்தேழில் நின்றது.

மூட்டையை இறக்கிவிட்டு வெறும் தராசைப் பார்த்தேன். சுழியத்துக்கு மூன்று கோடு இடப்பக்கம் முள் நிற்கிறது.

அண்ணன், இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. அதுதான் வெட்கம். மூன்று வருடத்துக்கு முன்னால் இந்த வேலையைக் கொடுத்தபோது பெரிய கணக்கப்பிள்ளை ஒரே ஒரு புத்தி சொன்னார். "முள்ளத் தொடாத. சாக்குக்கும் தண்ணிக்கும் அது அங்கதான் நிக்கணும்." சரி என்றேன். சாக்கு அரைக் கிலோகூட வராது. மழையே இல்லாத இந்த ஓகஸ்டில் எந்தத் தண்ணீர்? அப்போது கேட்கவில்லை. பிறகு அந்த இடம்தான் எனக்குச் சுழியமாகிவிட்டது. அது கொழுந்துக்கு உள்ள கழிவு, என் உடம்புக்கும் கழிக்கும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. ஒவ்வொரு சாயந்தரமும் நாற்பது பெண்களுக்கு அந்த முள்ளைப் பார்த்துத்தான் முழுப்பேரும் அரைப்பேரும் போட்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். நீங்கள் என்னை ஏசியதையும், மூன்று கிலோ எங்கே போனதென்று கண்டுபிடித்ததையும். அவள் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். "ஒனக்கு நாலு நாளா வலிக்குது. நாங்க சொன்னா நீ சிரிச்சியேப்பா," என்றாள். என் தட்டில் ஒரு ரொட்டியை வைத்தாள். என்னால் அந்த ரொட்டியைச் சாப்பிட முடியவில்லை. இந்தத் தடவை அது போட்டி எடைக்காக இல்லை.

பத்து நாளில் இன்னும் மூன்று கிலோ இறக்க என்னால் முடியாது. முயற்சி செய்தால் செத்துப்போவேன் என்று மருந்துக்காரர் ஐயா சொன்னார். ஆனாலும் ஆட ஆசை போகவில்லை. என்ன செய்யலாம் என்று நீங்களே சொல்லுங்கள். நான் பொய்யன் இல்லை என்றாவது ஒரு வரி எழுதுங்கள்.

ஜெயகுமார்


பதுளை
23.8.1998

அன்புள்ள ஜெயகுமாருக்கு,

நீர் பொய்யன் இல்லை. நான் அவசரப்பட்டுவிட்டேன், மன்னித்துக்கொள்ளும். பொடியன்களிடமும் சொல்லிவிட்டேன்.

இப்போது கவனமாக வாசியும். போட்டியன்று காலை எடை பார்ப்பது எப்படி என்று உமக்குத் தெரியும். ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு தோட்டத்திலிருந்து கொழுந்துத் தராசை இரவல் வாங்கி, கோல் கம்பத்தின் குறுக்குச் சட்டத்தில் கட்டுவோம். எல்லோரும் வரிசையாகத் தொங்குவார்கள். இந்த வருடம் எங்கிருந்து வாங்குவது என்று முடிவு செய்கிறவன் நான். உங்கள் தோட்டத்துத் துரையிடம் நேற்றே டெலிபோனில் கேட்டுவிட்டேன். தேயிலை லொறியில் வியாழக்கிழமை அனுப்பலாம் என்று சொல்லியிருக்கிறார்.

நீர் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. அதுதான் இதில் நல்ல விஷயம். முள் எங்கே நிற்கிறதோ அங்கேயே நிற்கட்டும். எத்தனையோ வருடம் நின்ற முள் இன்னும் ஒரு கிழமை நின்றால் யார் கேட்கப் போகிறார்கள்? வெலிமடைக்காரருக்கும் அதே தராசுதான், அவர்களுக்கும் மூன்று கிலோ குறையும். ஆகவே ஒருவருக்கும் அநியாயம் இல்லை. நீர் தொங்குவீர், எழுபத்தைந்து காட்டும், என் பக்கத்தில் நிற்பீர்.

தண்ணீர் நிறையக் குடியும். இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடும்.

உம்முடைய,
தனேஸ்வரன்


மடுல்சீமை
27.8.1998

தனேஸ்வரன் அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தையும் தராசையும் லொறிக்கார அண்ணன் கொண்டுவருவார். தராசைச் சாக்கில் சுற்றிக் கட்டியிருக்கிறேன், கண்ணாடி பத்திரம்.

முள் சுழியத்தில் நிற்கிறது. இன்று காலை நானே திருகினேன்.

நான்கு நாள் யோசித்தேன். உங்கள் கடிதத்தை வாசித்த அன்று எனக்குச் சந்தோஷம்தான் வந்தது, அதை ஒளிக்கவில்லை. ஒரு நிமிடம் அந்த மைதானத்தில் நின்றும் பார்த்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை சாயந்தரம் பெண்கள் வரிசையாகச் சாக்கோடு நின்றார்கள். ஒவ்வொரு எண்ணையும் உரக்கச் சொல்ல வேண்டியவன் நான். அம்மாவின் முறை வந்தபோது என் குரல் வரவில்லை. பின்னால் நின்றவள் எட்டிப் பார்த்து அம்மாவின் எண்ணைச் சொன்னாள், பதினைந்து என்று. அதே மூன்று கிலோவில் நான் போய் றகர் ஆடுவதா? ஆடினால் பிறகு எந்த வாயால் இங்கே எண் சொல்வேன்?

எல்லோருக்கும் குறையும், அதனால் அநியாயம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கேயும் எல்லோருக்கும்தான் குறைகிறது, அண்ணன்.

என் எடை எழுபத்தெட்டு. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். நான் வரவில்லை.

இன்னொன்று. இதை வேறு யாருக்கும் சொல்லவில்லை. ஜூன் கடைசியில் நீங்கள் இங்கே வந்து இதே தராசில்தான் தொங்கினீர்கள். எழுபத்துநான்கு காட்டியது. மூன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். உங்களுக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. ஆனால் அந்தப் பிளாஸ்டிக் உறையை மட்டும் போட்டுக்கொள்ளாதீர்கள். தயவுசெய்து.

தராசு திரும்பி வந்ததும் பெரிய கணக்கப்பிள்ளை பழையபடி திருகிவிடுவார் என்று தெரியும். அதற்கு ஒரு நிமிடம் போதும். பரவாயில்லை, ஒரு தடவையாவது சரியாக நிற்கட்டும்.

ஜெயகுமார்


பதுளை
2.9.1998

அன்புள்ள ஜெயகுமாருக்கு,

மூன்று நாளாக எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குத் தராசைக் கட்டினோம். வெலிமடைக்காரர் முதலில் தொங்கினார்கள். பிறகு எங்கள் பொடியன்கள். ஸமீம் எழுபத்துநான்கரை. கடைசியாக நான். எழுபத்தேழு. நடுவர் இரண்டாம் முறையும் தொங்கச் சொன்னார், வயதுக்கு மரியாதை கொடுத்து. அப்போதும் எழுபத்தேழு. கொக்கியை விட்டு இறங்கினேன். ஒரு பொடியன் என் கால் சப்பாத்தைக் கொண்டுவந்து தந்தான்.

ஒரு விஷயத்தை உமக்கு நான் சொல்லியே ஆக வேண்டும். ஓகஸ்ட் 15, கிழங்குக் கடையில், உங்கள் எல்லோரையும் மைதானத்துக்கு அனுப்பிவிட்டுத் தனியாகத் திரும்பிப் போய் நான் ஏறிப் பார்த்தேன். எழுபத்தேழுதான். என்னுடையது உண்மையென்றால் உம்முடையதும் உண்மையாகத்தான் இருக்கும், இரண்டு பேரும் ஒரே தராசில் தொங்கியவர்கள் என்று அங்கேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கியது. அடுத்த நாள் காலையில் உட்கார்ந்து உமக்குப் பொய்யன் என்று எழுதினேன். எழுதிய பிறகுதான் நிம்மதி வந்தது, நம்புவீரா? கோபம் முழுவதும் உம்முடைய பக்கம் போய்விட்டால் என்னை ஒருவரும் ஏறச் சொல்ல மாட்டார்கள். தராசை அப்படியே அனுப்பச் சொன்னதும் உமக்காக இல்லை. உம்முடைய பெயரைச் சொல்லி எனக்காகக் கேட்டேன். நிறுவை அளவைப் பகுதியில் பத்து வருடம் என்று உமக்குப் பெருமை அடித்தவன் நான்.

காய்கிற அறைக்கு உம்மை அனுப்பியதும் நான்தான். நீர் செத்திருந்தால் உம்முடைய அம்மாவின் கேள்விக்கு நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். யார் சொன்னது என்று கேட்டாரே. தனேஸ்வரன் சொன்னான் என்று அவரிடம் சொல்லும்.

ஆட்டம் தோல்வி, பன்னிரண்டுக்கு ஏழு. ஆனால் ஸ்க்ரத்தில் ஸமீம் ஒரு அடிகூடப் பின்வாங்கவில்லை. கோல் கம்பத்துக்குப் பின்னால் நீர் போன வருடம் இருந்த அதே இடத்தில் இருந்து பார்த்தேன்.

தராசை உடனே திருப்பி அனுப்பவில்லை, துரைக்குக் காரணம் எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு கந்தோருக்குப் போனேன். எங்கள் பரிசோதகர் கனகரத்தினம் படிக்கல் போட்டு நிறுத்துப் பார்த்தார், இருபது, ஐம்பது, நூறு. சரியாக இருக்கிறது. திருகாணியில் கம்பி கோத்து ஈய முத்திரை அடித்திருக்கிறார். எண்ணும் திகதியும் கந்தோர் புத்தகத்தில் இருக்கிறது. இனி முள்ளைத் தொட வேண்டுமானால் முத்திரையை உடைக்க வேண்டும். உடைத்தால் யார் உடைத்தது என்று கேட்க ஆள் வரும். அந்த ஆளோடு நானும் வருவேன்.

தனேஸ்வரன்


மடுல்சீமை
9.9.1998

அன்புள்ள தனேஸ்வரன் அண்ணனுக்கு,

தராசு திங்கட்கிழமை வந்தது. பெரிய கணக்கப்பிள்ளைதான் சாக்கைப் பிரித்தார். பிரித்த கையோடு திருகாணிக்குக் கட்டைவிரலைக் கொண்டுபோனார். கம்பியைக் கண்டதும் விரல் நின்றுவிட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஈயத்தில் இருந்த எழுத்தை இரண்டு தடவை வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்க்கவில்லை.

என்னை நிறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். நாளையிலிருந்து தேயிலைக்கு மருந்தடிக்கிற ஆட்களோடு மலைக்குப் போக வேண்டும். கவலை இல்லாமல் இல்லை, அது பெருமையான வேலை, கஷ்டப்பட்டுத்தான் கிடைத்தது. உங்கள் மேல் கோபமும் முழுதாகப் போகவில்லை. பொய்யன் என்ற சொல் இன்னும் குத்துகிறது. நீங்கள் உண்மையை எழுதியதால் பாதி போயிருக்கிறது, மீதிக்கு நாள் ஆகும். அம்மாவிடம் உங்கள் பெயரைச் சொன்னேன். ஒரு தடவை அந்த மனுஷனைச் சாப்பிட வரச் சொல்லு, தட்டு நிறையப் போட்டு முழுதும் தின்னும் வரை பக்கத்திலேயே உட்கார வேண்டும் என்றாள். அது மன்னிப்பா தண்டனையா என்று எனக்கும் தெரியவில்லை. வாருங்கள்.

நேற்றுத்தான் என் கடைசி நிறுப்பு. வரிசையில் அம்மா மூன்றாவது ஆள். சாக்கை மாட்டினேன். முள் போய்ப் பதினெட்டில் நின்றது. பதினெட்டு, முழுப்பேர் என்று உரக்கச் சொன்னேன்.

அம்மா நகரவில்லை. சாக்கைக் கொக்கியிலிருந்து இறக்கச் சொன்னாள். வாயைப் பிரித்து, முழங்கை வரை கையை உள்ளே விட்டுக் கொழுந்தைத் துழாவினாள். யாருடைய கொழுந்தோ தவறித் தன் சாக்கில் விழுந்துவிட்டது என்று நினைத்தாள், அண்ணன். அடுத்து நின்றவளிடம் திரும்பி, "ஒன்னோடது ஏதும் இதுல சேந்துருச்சா, பாரு," என்று கேட்டாள். நான் இறங்கிப் போய் அவள் கையைப் பிடித்து வெளியே எடுத்தேன். எல்லாம் உன்னுடையதுதான் என்று சொன்னேன்.

ஜெயகுமார்